விளக்கெண்ணெய் வாசமும் பேட்டரி விமானமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் பேரன் வந்திருந்தான். கையில் ஒரு ரேடியோ கண்ட்ரோல் விமானம். தெர்மாகோல் மாதிரி லேசான நுரையில் செய்தது, இறக்கை ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். நான் வேலை பார்த்த பள்ளி மைதானத்துக்கே போய், அனுமதி கேட்டு, காலை ஆறரை மணிக்குப் பறக்கவிட்டோம். பேட்டரியைச் சொருகினான், கையால் வீசினான், பறந்துவிட்டது. சன்னமாக ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். வேப்பமரத்தில் இருந்த மைனாக்கள்கூடக் கலையவில்லை.

எனக்கு மட்டும் ஏதோ குறைந்தது போல இருந்தது. வீடு திரும்பும் வழியில்தான் பிடிபட்டது. விளக்கெண்ணெய் வாசம்!

எங்கள் பள்ளியில் என்.சி.சி. விமானப் பிரிவு இருந்தது. நான் இயற்பியல் ஆசிரியர் என்பதால் மாதிரி விமானப் பயிற்சியையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். கல்கத்தாவில் தயாரான அரோரா டீசல் எஞ்சின் ஒன்று இருந்தது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. எரிபொருளை நாங்களே கலப்போம்: ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், மூன்றும் ஏறக்குறைய சம பங்கு. விமானத்தை இரண்டு கம்பிகளில் கட்டி, நடுவில் நின்று வட்டமாகச் சுற்றவிடுவோம். ரேடியோ எல்லாம் அன்று எங்களுக்குக் கனவு. புரொப்பல்லரை விரலால் தட்டித் தட்டித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். வலது ஆள்காட்டி விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

1988. பத்தாம் வகுப்பு. ஒரு பையன் எழுந்து கேட்டான்: "சார், டேப் ரெக்கார்டர் மோட்டாரும் பேட்டரியும் வெச்சா பறக்காதா சார்?"

நான் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் கணக்குப் போட்டேன். 1 கிலோ மெத்தனாலில் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 5500 வாட்-மணி. 1 கிலோ நிக்கல் காட்மியம் பேட்டரியில் சுமார் 40 வாட்-மணி. வகுத்தால் 137 மடங்கு. "பேட்டரியத் தூக்கறதுக்கே இன்னொரு விமானம் வேணும்டா" என்றேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தபடி உட்கார்ந்தான். அந்த வருடம் முழுக்க அவன் வேறு கேள்வியே கேட்கவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அன்று நான் சொன்னது தவறு. காலம் மாறியதால் பின்னால் தவறாகிப்போனது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. அன்றைக்கே தவறு. பேட்டரியில் ஓடும் ரேடியோ விமானம் அதற்கு 31 வருடம் முன்பே பறந்துவிட்டது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் கணக்குப் போட்டேன். அந்த வரலாற்றைத்தான் இன்று எழுதுகிறேன். பட்டிமன்றம் மாதிரி இரண்டு அணியாகப் பிரித்துக்கொள்வோம்.

முதலில் எரிபொருள் அணி.

மாதிரி விமானத்தின் முதல் சக்தி முறுக்கிய ரப்பர். 1871-இல் பாரிஸில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் ரப்பரில் ஓடும் சிறு விமானத்தைப் பல பேர் முன்னிலையில் பறக்கவிட்டார். சுமார் 11 நொடி பறந்தது. அவர் வழியில் வந்த ஒரு ரப்பர் பொம்மையைத்தான் 1878-இல் ரைட் சகோதரர்களின் அப்பா பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார். அடுத்து நீராவி. 1896 மே 6 அன்று அமெரிக்காவில் சாமுவேல் லாங்லியின் ஆளில்லாத நீராவி விமானம் பொட்டோமாக் ஆற்றின் மேல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பறந்தது. கிரஹாம் பெல் பக்கத்தில் இருந்து படம் எடுத்தார்.

பெட்ரோல் எஞ்சின் இந்தப் பொழுதுபோக்குக்குள் நுழைந்தது 1930-களில். பிலடெல்பியாவில் பில் பிரவுன் என்ற இளைஞர் கைக்குள் அடங்கும் 10 சி.சி. எஞ்சினைச் செய்தார். மாக்ஸ்வெல் பாசெட் என்பவர் அதைப் பொருத்தி 1933 தேசியப் போட்டியில் ரப்பர் விமானங்களைத் தோற்கடித்தார். பிறகு எஞ்சின் விமானங்களுக்குத் தனிப் பிரிவே ஏற்படுத்த வேண்டி வந்தது. 1934 முதல் அந்த எஞ்சின் 'பிரவுன் ஜூனியர்' என்ற பெயரில் கடைக்கு வந்தது.

1937-இல் மிச்சிகன் மாநிலம் கலமசூவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் ரேடியோவில் கட்டுப்படுத்தும் விமானத்தைப் பறக்கவிட்டார்கள். பெயர் 'கஃப்'. இறக்கை சுமார் 8 அடி. இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து. ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். உந்துவதற்குத்தான் பெட்ரோல். ரேடியோவுக்கும் எஞ்சினின் தீப்பொறிக்கும் அந்த விமானமும் பேட்டரியைச் சுமந்துதான் பறந்தது.

இந்த அணிக்கு ஒரு ஹாலிவுட் கதையும் உண்டு. ரெஜினால்ட் டென்னி என்ற நடிகர் லாஸ் ஏஞ்சலஸில் மாதிரி விமானக் கடை வைத்திருந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ரேடியோபிளேன் நிறுவனம். இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படையினர் குறிபார்த்துச் சுடப் பழக, ஆயிரக்கணக்கில் ஆளில்லா விமானங்களைச் செய்து கொடுத்தது. அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த நார்மா ஜீன் என்ற பெண்ணை 1945-இல் ஒரு ராணுவப் புகைப்படக்காரர் படம் எடுத்தார். அவர்தான் பின்னாளில் மர்லின் மன்றோ.

1947-இல் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் 'குளோ பிளக்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே சின்னதாக ஒரு பிளாட்டினம் கம்பிச் சுருள். 1.5 வோல்ட் பேட்டரியால் அதைச் சூடாக்கி, எஞ்சின் பிடித்துக்கொண்டதும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தில் படும்போது வினை நடந்து, கம்பி தானாகவே கனன்றுகொண்டிருக்கும். தீப்பொறிக்கான காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாம் விமானத்தை விட்டு இறங்கின. எடை குறைந்தது. அதன்பிறகு அரை நூற்றாண்டு இந்த அணியின் ஆட்சிதான்.

மெத்தனாலோடு சாதாரண மினரல் ஆயில் கலக்காது. விளக்கெண்ணெய் கலக்கும். கடும் சூட்டிலும் வழவழப்பு குறையாது. முதல் உலகப் போர் விமானங்களின் ரோட்டரி எஞ்சின்களும் இதையே குடித்தன. காஸ்ட்ரால் என்ற பெயரே 'காஸ்டர் ஆயில்' என்பதிலிருந்து வந்ததுதான். வயிறு சரியில்லை என்றால் பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றுவாளே, அதே எண்ணெய். உலகில் அதிகம் விளைவிப்பது நம் நாடு. மாதிரி விமானக்காரன் ஒவ்வொருவனின் சட்டையிலும் அந்த வாசம் இருந்த காலம் அது.

இப்போது மின்சார அணி.

பலரும் நினைப்பது போல இது நேற்று வந்த அணி அல்ல. ரைட் சகோதரர்களுக்கு 19 வருடம் முன்பு, 1884 ஆகஸ்ட் 9 அன்று, பிரான்சில் ரெனார், கிரெப்ஸ் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள் 'லா ஃபிரான்ஸ்' என்ற வான்கப்பலில் புறப்பட்டு, 23 நிமிடத்தில் 8 கிலோமீட்டர் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினார்கள். ஓட்டியது மின் மோட்டார். பேட்டரியின் எடை 435 கிலோ! வாயு நிரப்பிய கப்பல் என்பதால் அந்தப் பாரத்தைத் தூக்கியது. இறக்கையை நம்பிப் பறக்கும் விமானத்துக்கு அது முடியாத காரியம்.

1957 ஜூன் 30. இங்கிலாந்தில் கர்னல் டேப்ளின் 'ரேடியோ குயின்' என்ற மாதிரி விமானத்தை மின் மோட்டாரில் பறக்கவிட்டார். ரேடியோ கட்டுப்பாட்டில் பறந்த மின்சார விமானம் என்று முறையாகப் பதிவானதில் இதுதான் முதல். அதில் இருந்தது வெள்ளி-துத்தநாக பேட்டரி. எடைக்கு நல்ல சக்தி தரும். ஆனால் விலை அதிகம், ஆயுள் குறைவு. இதே ரேடியோ குயின் ரகம்தான் 1954-இல் டீசல் எஞ்சினோடு இங்கிலீஷ் கால்வாயைக் கடந்திருந்தது. டேப்ளின் மின்சார முயற்சியைத் தொடரவில்லை. அவர் பெயரில் நிலைத்தது 'டேப்ளின் ட்வின்' என்ற இரட்டை சிலிண்டர் டீசல் எஞ்சின்!

கைவிடாமல் பிடித்துக்கொண்டவர் ஜெர்மனியின் ஃபிரெட் மிலிட்கி. கிராப்னர் என்ற மாதிரி விமான நிறுவனத்தில் பொறியாளர். கடிகாரம் போல நுணுக்கமாகச் செய்த சிறு மோட்டாரைத் தேடிப் பிடித்து, 1960 வாக்கில் 'சைலன்டியஸ்' என்ற விமானத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெயரிலேயே அமைதி இருக்கிறது. அதில் ரேடியோகூடக் கிடையாது. தானாகப் பறந்து தானாக இறங்கும். அந்த அளவு எடைதான் அப்போது சாத்தியம்.

அவர் அங்கேயே நிற்கவில்லை. 1973 அக்டோபரில் ஆஸ்திரியாவின் வெல்ஸ் நகரில், மிலிட்கியின் திட்டப்படி மின்சாரத்துக்கு மாற்றிய ஒரு மோட்டார் கிளைடரை ஹைனோ பிர்டிச்கா என்ற விமானி தானே உட்கார்ந்து ஓட்டினார். நிக்கல் காட்மியம் பேட்டரி. ஏறக்குறைய 9 நிமிடம். மனிதனைச் சுமந்து பறந்த முதல் மின்சார விமானம் அதுதான். பொம்மை விமானம் செய்தவர் கையிலிருந்து வந்தது! நான் கரும்பலகையில் 'முடியாது' என்று நிரூபித்த அதே நிக்கல் காட்மியம், அதற்கு 15 வருடம் முன்பே ஒரு ஆளையே தூக்கிக்கொண்டு பறந்திருக்கிறது.

அமெரிக்காவில் ராபர்ட் பவுச்சர், ரோலண்ட் பவுச்சர் சகோதரர்கள். 'ஆஸ்ட்ரோ ஃபிளைட்' என்ற பெயரில் மாதிரி விமான மோட்டார் விற்றவர்கள். 1974 நவம்பர் 4 அன்று கலிபோர்னியாவில் அவர்களுடைய 'சன்ரைஸ்' சூரிய ஒளியிலேயே பறந்தது. ஆளில்லை, இறக்கை சுமார் 32 அடி. 1981 ஜூலை 7 அன்று பால் மக்கிரெடியின் 'சோலார் சேலஞ்சர்' விமானியோடு, பேட்டரியே இல்லாமல், வெயிலை மட்டும் நம்பி பாரிஸ் அருகிலிருந்து கால்வாயைத் தாண்டி இங்கிலாந்தில் இறங்கியது. அதற்கும் மோட்டார் ஆஸ்ட்ரோ ஃபிளைடினுடையது. இவ்வளவும் நான் அந்தப் பையனைச் சிரித்து உட்காரவைப்பதற்கு முன்னால் நடந்தவை.

ஆனாலும் மைதானங்களில் 1990-கள் வரை எரிபொருள்தான் ராஜா. மின்சார விமானம் பறந்தது, ஆனால் திணறிப் பறந்தது. அதை மாற்றிய மூன்று சாமான்களும் விமானத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

ஒன்று, காந்தம். 1980-களில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்த நியோடிமியம் காந்தம். சிறிய மோட்டாருக்குப் பெரிய பலம் வந்தது.

இரண்டு, பிரஷ்லெஸ் மோட்டார். தலைக்கு மேலே ஓடும் சீலிங் ஃபேனைப் பாருங்கள். நடுக்கம்பி நிற்கிறது, வெளிக்கூடு சுற்றுகிறது. கம்ப்யூட்டரின் சி.டி. டிரைவுக்குள்ளும் இதே அமைப்பில் பொத்தான் அளவு மோட்டார் உண்டு. 2000-த்தை ஒட்டி விமானப் பைத்தியங்கள் பழைய சி.டி. டிரைவை உடைத்து, மோட்டாரை எடுத்து, கெட்டிக் கம்பியால் மறுபடி சுற்றி, நியோடிமியம் காந்தத்தை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். குப்பையிலிருந்து வந்த புரட்சி!

மூன்று, லித்தியம். 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேமராவும் செல்போனும் ஓடத்தான் அது. கொஞ்ச வருடத்தில் தட்டையான லித்தியம் பாலிமர் ரகம் விமானக்காரர்கள் கைக்கு வந்தது. 1 கிலோவுக்கு சுமார் 160 வாட்-மணி, அதாவது என் நிக்கல் காட்மியத்தைப் போல 4 மடங்கு.

இப்போது என் பழைய கணக்கைத் திருத்துகிறேன். பழைய மாணவர்கள் நோட்டை எடுத்துக்கொள்ளவும்.

2 கிலோ எடையுள்ள ஒரு விமானம் 10 நிமிடம் பறக்க வேண்டும். மோட்டாருக்குச் சராசரியாக 180 வாட் என்று வைத்துக்கொள்வோம். 10 நிமிடத்துக்கு 30 வாட்-மணி. நிக்கல் காட்மியம் என்றால் 750 கிராம் வேண்டும். கனம்தான், ஆனால் முடியாதது இல்லை. லித்தியம் என்றால் 190 கிராமில் முடிந்தது. அதே விமானத்தில் எஞ்சின் வைத்தாலும் 10 நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 மில்லி எரிபொருள் வேண்டும். எடை கிட்டத்தட்ட சமம்!

அப்போது அந்த 137 மடங்கு எங்கே போனது? நான் விட்டுவிட்டது திறனை. அந்தச் சின்ன எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைப் புரொப்பல்லருக்குக் கொடுத்தாலே பெரிது. மீதி சூடாகவும் சத்தமாகவும் எரியாத புகையாகவும் போய்விடும். நல்ல மோட்டார் முக்கால் பங்குக்கு மேல் கொடுக்கிறது. இயற்பியல் வாத்தியார் திறன் என்ற பாடத்தையே மறந்து கணக்குப் போட்டிருக்கிறேன். மதிப்பெண் போட்டால் எனக்கு ஐந்துக்கு ஒன்று.

எரிபொருள் அணிக்கும் நியாயம் சொல்ல வேண்டும். மின்சாரம் மைதானங்களைப் பிடிக்கத் தொடங்கிய அதே காலத்தில், 2003 ஆகஸ்டில், அந்த அணி தன் பெரிய ஆட்டத்தை ஆடியது. மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கர். வயது 77. பார்வை பெரும்பாலும் போய்விட்டது, காதும் சரியாகக் கேட்காது. பால்சா மரத்தில் 5 கிலோவுக்குள் ஒரு விமானம் கட்டினார். 10 சி.சி. எஞ்சின். லாந்தர் விளக்குக்கு ஊற்றும் எரிபொருள். முந்தைய வருடம் முயன்று தோற்றிருந்தார். இந்த முறை கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் புறப்பட்டு, 3000 கிலோமீட்டருக்கு மேல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி, சுமார் 39 மணி நேரம் கழித்து அயர்லாந்துக் கரையில் இறங்கியது. தொட்டியில் மிச்சம் இருந்தது ஒரு மடக்கு எரிபொருள்தான்.

அதே எடைக்குப் பேட்டரி வைத்திருந்தால், என் கணக்குப்படி மூன்று நான்கு மணி நேரத்தில் கடலில் விழுந்திருக்கும். 10 நிமிடத்துக்குச் சமமாக இருக்கும் தராசு, 39 மணி நேரத்துக்கு எரிபொருள் பக்கம் ஒரேயடியாகச் சாய்கிறது. ஏனென்றால் நேரம் கூடக்கூட எஞ்சினின் எடை அப்படியே இருக்கும், பேட்டரியின் எடைதான் ஏறிக்கொண்டே போகும். போதாக்குறைக்கு, எரிபொருள் எரிய எரிய விமானம் லேசாகும். பேட்டரி தீர்ந்தாலும் எடை குறையாது. இன்றும் பெரிய மாதிரி விமானங்களும் நெடுநேரம் பறக்க வேண்டியவையும் பெட்ரோலை விடாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆக, இந்தப் பட்டிமன்றத்துக்கு நடுவர் தராசுதான். எத்தனை நிமிடம் என்று கேட்டுவிட்டுத்தான் அது தீர்ப்புச் சொல்லும்.

பேட்டரி வைத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. லித்தியம் பேட்டரி உப்பினாலோ அடிபட்டாலோ மறுபடி உபயோகிக்க வேண்டாம். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அது பற்றினால் அணைப்பது லேசில்லை. எஞ்சின் எங்கள் விரலைத்தான் வெட்டியது, இது வீட்டையே கொளுத்திவிடும்.

கடைசியாக அந்தப் பையன். இப்போது ஐம்பதைத் தாண்டியவர், பக்கத்து ஊரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். என் பதிவுகளைப் படிப்பவர். எழுதுவதற்கு முன் போன் செய்து, "தம்பி, அன்னைக்கு நான் சொன்னது தப்புப்பா" என்றேன். எந்த நாள் என்று நான் சொல்லவே இல்லை. "பேட்டரி விமானம்தானே சார்?" என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "அன்னைக்கு ராத்திரியே டார்ச் செல்லும் டேப் ரெக்கார்டர் மோட்டாரும் வெச்சு செஞ்சு பார்த்தேன் சார். எந்திரிக்கவே இல்ல. அப்ப சார் சொன்னது சரிதான்னு விட்டுட்டேன்."

டார்ச் செல்லில் அது எழும்பியிருக்காதுதான். ஆனால் நான் அன்று, "இந்தச் செல்லில் முடியாது, எந்தச் செல்லில் முடியும் என்று தேடு" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம்தான் வித்தியாசம். மிலிட்கி தேடினார். என் மாணவனை நான் தேடவிடவில்லை.

அடுத்த ஞாயிறு பேரன் மறுபடி வருகிறான். அவரும் மைதானத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய சி.டி. டிரைவ் மோட்டார் ஒன்றைக் கடையில் சுற்றி வைத்திருக்கிறாராம். பறந்தால் படம் போடுகிறேன். பறக்காவிட்டாலும் போடுகிறேன்.

உங்கள் வகுப்பில் இப்படிச் சிரித்து உட்காரவைக்கப்பட்ட கேள்வி ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். அதைக் கேட்டது என் வகுப்பிலாக இருந்தால், கட்டாயம் எழுதுங்கள்.